தட்டு கழித்த எடை

என் மேஸ்திரிக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துவிடு. உன் அப்பா நம் பேக்கரிக்கு மாவு பிசைய எழுந்திருக்க இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது, எனக்கோ தூக்கம் வருவதாக இல்லை. நீ அங்கே மருந்துத் தொழிற்சாலைக்குள் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பில் இருப்பாய், போன் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது இது முதலில் உன் கண்ணில் படட்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன். உடம்புக்கு எங்கள் இருவருக்கும் ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ பதறாதே. நீயும் அந்த ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, அடுப்புக்கு முன்னால் நிற்கிற நேரத்தைக் குறைக்கச் சொன்னால்தான் கேட்கமாட்டேன் என்கிறார். குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்ததே, அதை ஒருவழியாக மாற்றியாயிற்று. இதெல்லாம் நான் சொல்லவந்ததைத் தள்ளிப்போடுகிற பேச்சு என்று உனக்கே தெரிந்திருக்கும்.

உன் துறைமுகப் பெட்டியை, சீல் பிரிக்காத அந்த விளையாட்டுக் கட்டைப் பெட்டியை, நான் திறந்துவிட்டேன்.

இதைப் போனில் சொல்லத்தான் நேற்று நினைத்தேன். நீ கூப்பிட்டு, பெட்டி எப்படிம்மா இருக்கு, முனை எதுவும் நசுங்கலையே என்று கேட்டாய். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். முனை நசுங்கவில்லை என்பதென்னவோ உண்மைதான், ஆனாலும் போனை வைத்ததிலிருந்து பொய் சொன்னவள் மாதிரியேதான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், கோபப்படுவதென்றால் கடைசியில் படு. முந்தாநாள் சாயங்காலம் அதை உனக்கு விற்ற பல் டாக்டர் தானே ஒரு வண்டி பிடித்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். பாவம், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனுஷர், குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிவந்து கூடத்து மேஜையில் வைத்தார். நீ எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வட்ட சீல் நாலும் கிழியாமல் இருக்கிறதா, இருந்தது. ஓரத்துப் பசை மஞ்சள் பூத்திருக்கிறதா, இல்லை. மூன்றாவதாக எடை. பன்னிரண்டு கிலோ முந்நூறு இருக்கவேண்டும், குறைந்தால் திறக்காதே, என்னைக் கூப்பிடு என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாய். வீட்டில் ஏது அவ்வளவு பெரிய தராசு, பேக்கரிக்குத் தூக்கிப்போனோம். அப்பா தராசு மேலிருந்த தட்டை எடுத்தார், அந்தக் கையோடு நான் பெட்டியை வைத்துவிட்டேன். பெட்டி அவ்வளவு அகலம், எண் தெரிகிற முகப்பையே மறைத்துவிட்டது, குனிந்து கழுத்தைத் திருப்பித்தான் பார்த்தேன். பதினொரு கிலோ அறுநூற்றெண்பது. அறுநூற்று இருபது கிராம் குறைகிறது.

அடியில் பிரித்து, சின்னச் சின்னப் பொம்மைகள் இருக்கிற பையை மட்டும் உருவிக்கொண்டு, தெரியாமல் ஒட்டி விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று நீதானே சொல்லியிருந்தாய். உன்னை ஐந்து தடவை கூப்பிட்டேன், நீ ஷிப்டில். ஒன்றரை வருடம் ஒரு சட்டைகூட எடுக்காமல் நீ சேர்த்து வாங்கியதை ஒருவர் ஏமாற்றிவிட்டாரே என்று எனக்குத் தலைக்கேறிவிட்டது. அந்த மனுஷருக்கு நான் அனுப்பிய வரியை இப்போது எழுதக் கை கூசுகிறது. பல்லைப் பிடுங்குற பழக்கத்துல பெட்டிக்குள்ள இருந்ததையும் பிடுங்கிட்டீங்களா என்று கேட்டேன். அவர், அம்மா, அது ஆறு வருஷமா என் அலமாரில இருந்தது, தூசு தட்டுறதைத் தவிர நான் தொட்டதே இல்லை என்று பதில் போட்டார். பார், எப்படி நல்லவர் மாதிரி பேசுகிறார் என்று எனக்கு இன்னும் ஏறியது. கையும் களவுமாகப் பிடித்துவிடுகிறேன் என்று கத்தியை எடுத்து அடிப்பக்கம் இரண்டு மடிப்பையும் அறுத்துவிட்டேன். எண் போட்ட கட்டைப் பைகளை எண்ணினேன். ஒன்றிலிருந்து ஐம்பத்தெட்டு வரை, ஒன்று குறையவில்லை. இரண்டாம் முறை எண்ணியபோதும் ஐம்பத்தெட்டுதான். பொம்மைப் பையும் அப்படியே இருந்தது. அப்போதும் எனக்குப் புரியவில்லை, கட்டைகளே எடை குறைவாகத் தயாராகிவிட்டனவோ என்று யோசித்தேன்.

நேற்றுக் காலையில் பேக்கரியில் தட்டைக் கழுவ எடுத்தபோதுதான் முகப்பைப் பார்த்தேன். தட்டில்லாத தராசு கழித்தல் குறி போட்டு அறுநூற்று இருபது என்று காட்டியது. உன் அப்பா இருபது வருடமாகத் தட்டு எடையைக் கழித்துத்தான் தராசை வைத்திருக்கிறார், தினமும் பார்க்கிறேன், தட்டை எடுத்துவிட்டால் பூஜ்யத்தை அழுத்தவேண்டும் என்று மண்டையில் உறைக்கவில்லை. நான் வேதியியல் படித்தவள். எடை பார்ப்பதற்கு முன் தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்காதவளை ஆய்வகத்துக்கு வெளியே நிறுத்துவார்கள். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு செய்முறைத் தேர்வு எழுதிய நாளில்கூட அதை நான் மறக்கவில்லை. அப்பா சிரித்தார், பட்டதாரி ரொட்டித் தராசுகிட்டத் தோத்துட்டாளே என்று. நான் சிரிக்கவில்லை என்றதும் அவரும் நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் சொல்லியே ஆகவேண்டியது. நேற்று மத்தியானம் அப்பா, இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே, வாரத்துக்கு முந்நூறு கேக் பெட்டி ஒட்டுறவன் நான், தடம் தெரியாம ஒட்டித் தர்றேன், அவ எந்தக் காலத்துல திறக்கப்போறா என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பசைத் துப்பாக்கியைச் சூடாக்கி ஒரு மடிப்பை ஒட்டியும் விட்டார், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டி முடித்து விரலால் தடவிப் பார்த்தேன், எங்கே அறுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. இரண்டாவது மடிப்புக்கு முன்னால் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டேன். மேஸ்திரிக்குத் துரோகம் பண்ண நீயும் நானும் கூட்டுச் சேர்ந்தோமா என்றேன். நீ கட்டை அடுக்குவதைப் பார்த்து உனக்கு அந்தப் பெயரை வைத்தவரே அவர்தான், கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நீ அவரிடம் கோபித்துக்கொள்ளாதே, என் முகத்தைப் பார்க்கமுடியாமல்தான் செய்தார்.

நீ இதை வாங்கப்போவதாகச் சொன்ன அன்று நான் சிரித்தேன், திறக்காமலேயே வைக்கவா இவ்வளவு பெரிய பெட்டி என்று. திறக்கலாம்மா, ஆனா எப்பத் திறக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன் என்றாய். அப்போது அது எனக்கு விளையாட்டுப் பேச்சாகத்தான் பட்டது. முந்தாநாள் ஐம்பத்தெட்டுப் பையையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்த மஞ்சள் வாளி ஞாபகம் வந்தது. வீடு மாறும்போது உன் கட்டைகளை வாளியோடு, பாதி கட்டிய கப்பலோடு, சாமான் ஏற்ற வந்தவரிடம் கொடுத்துவிட்டேன். உனக்கு ஒன்பது வயதாகிவிட்டது, இனி எதற்கு என்று நானே முடிவுபண்ணிக்கொண்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ அழவில்லை, பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவாய், தட்டைக் கழுவி வைப்பாய், கேட்டதற்கு ம் என்பாய். அந்தப் பதினொரு நாளை நான் எண்ணினேன் என்று உனக்குத் தெரியாது. இப்போது மறுபடியும் அதையே செய்திருக்கிறேன், இந்த முறை கத்தியோடு.

நேற்று சாயங்காலம் டாக்டரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். பரவால்லம்மா, நாப்பது வருஷமா எல்லாரையும் திற திறன்னுதான் சொல்லிட்டிருந்தேன், திறக்காதேன்னு சொல்ல எனக்கே இப்பத்தான் பழகுது என்றார். சீல் போனால் போனதுதான், பழைய மதிப்பு வராது என்றும் ஒளிக்காமல் சொன்னார். உள்ளே பைகள் பிரியாமல் இருப்பதால், கட்டுவதற்காக இதையே தேடுகிற ஒருவர் இன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவர் வீட்டுக்கு வருகிறாராம். அதற்குள் சொன்னால் திரும்ப எடுத்துக்கொள்வார், கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். குறைவதை நான் போட்டுவிடுகிறேன், அதில் பேச்சு வேண்டாம். உனக்குச் சொல்லிவிட்டுப் பதில் தருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். பைகளை எண் வரிசையில் உள்ளே அடுக்கி, ஒட்டாத மடிப்பை அப்படியே விட்டு, மேலே ஒரு துணி போட்டு வைத்திருக்கிறேன். இனி அதை நீ சொல்லாமல் யாரும் தொடமாட்டோம்.

அறைக்குப் போனதும் ஈரக் காலுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு எதையாவது சாப்பிடு, வெறும் வயிற்றோடு படுக்காதே. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்கவேண்டும், உன் கை கட்டுவதெல்லாம் நிற்கவேண்டும். திருப்பிக் கொடு என்றால் கொடுத்துவிடுகிறேன், அப்படியே வைத்திரு என்றால் வைக்கிறேன், திட்டவேண்டும் என்றால் திட்டு. ம் என்று மட்டும் அனுப்பாதே. பன்னிரண்டு மணிக்குள் பதில் போடு.

உன் அம்மா