இடியை உன் தலையில் போட்டவர்கள்

என் தனம் அக்காவுக்கு, அடிக்கிறதையும் அணைக்கிறதையும் ஒரே கையால் செய்தவளுக்கு,

முதலில் நீ சிரிக்க ஒன்று. கவிதாவின் கம்ப்யூட்டர் மேசைக்கு நாலு காலிலும் பீங்கான் இன்சுலேட்டர் வைத்தேன். கரண்டுக் கம்பத்தில் கம்பியைத் தாங்குமே, அதேதான். ஓரம் உடைந்ததென்று எங்கள் கம்பெனியில் கழித்துப் போட்டது. பீங்கானைத் தாண்டி இடி வராது என்று தெருவுக்கே பிரசங்கம் வேறு செய்தேன். மேசை ஒரு பக்கமாக ஆடியது. என் பெண் ஆடிக்கொண்டே படித்தாள்.

போன வாரம் இடி வந்தேவிட்டது. வானம் இருட்டியதுமே கரண்டு பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். இருந்தும் படீரென்று ஒரு சத்தம், பளீரென்று ஒரு வெளிச்சம். கம்ப்யூட்டரைப் போனோடு சேர்க்கிற மோடம் பெட்டி புகைந்தது. பாலிடெக்னிக் கடைசி வருஷம் அக்கா, அவள் ப்ராஜெக்ட் முழுக்க அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். சித்தப்பா வந்து சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

நீ எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தாயே, அந்தப் போன் நீ கண்ணை மூடிய பிறகுதான் வந்தது. பில்லில் இன்றைக்கும் உன் பேர்தான். சித்தப்பாவுக்கு அது போதாதா?

“வருசம் திரும்பல. அதுக்குள்ள புதுச் சாமானை வூட்டுல ஏத்திட்ட. தனம் சும்மா இருப்பாளா? அவ போனு வழியாவே வந்து காட்டிட்டா பாரு.”

“எங்கக்கா எதுக்கு சித்தப்பா கம்ப்யூட்டரக் கொளுத்தப் போவுது?”

“ஆத்மா சாந்தி அடையலடா. போனைத் திருப்பிக் குடுத்துரு, அந்தப் பொட்டிய வித்துரு. பொட்டப் புள்ளைக்கு ப்ராஜெட்டாம் ப்ராஜெட்டு!”

வாசலில் நின்றவர்கள் “ஆமாங்க, ஆமாங்க” என்றார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உயிரோடு இருந்தவரை, தாலி இல்லாத கழுத்தென்று எந்த நல்ல காரியத்திலும் உன்னை முன்னால் நிற்க விட்டார்களா இவர்கள்? இப்போது இடிக்கும் நீதான் காரணமாம். கவிதாவை அந்தப் படிப்பில் சேர்க்கச் சொல்லி என் உயிரை எடுத்ததே நீதான். அதைக் கெடுக்கவா வருவாய்?

கவிதா ஸ்க்ரூ டிரைவரோடு வந்து உட்கார்ந்தாள். ஜன்னல் கம்பியை ஒரு தரம் தொட்டுவிட்டு, மோடத்தைத் திறந்தாள். இப்படி இரும்பைத் தொட்டு இறக்கிவிடாவிட்டால், நம் உடம்பில் ஒட்டியிருக்கிற கரண்டே உள்ளே இருக்கிற சில்லைக் கொன்றுவிடுமாம். நான் எத்தனை தரம் சும்மா கை வைத்திருப்பேன்!

“அப்பா, இது கரண்டு ஒயர்ல வரல. போன் ஒயர்ல வந்திருக்கு. நீ அதப் புடுங்கல.”

“நாலு காலுக்கும் பீங்கான் வெச்சேனே?”

“இடி என்ன மேசைக் காலைப் புடிச்சிக்கிட்டா ஏறி வரும்? நீ ஒயரு போட்டு நேரா வூட்டுக்குள்ள கூப்புட்டு வெச்சிருக்க!”

பிறகு கம்ப்யூட்டரைப் போட்டாள். முனகி முனகி எழுந்தது. ப்ராஜெக்ட் பத்திரமாக இருந்தது. அப்போதுதான் அழுதாள்.

“கேட்டுக்குங்க சித்தப்பா, போன் கம்பத்துலேருந்து வந்த இடி இது. எங்கக்கா இல்ல. போனும் இங்கதான் இருக்கும், பொட்டியும் இங்கதான் இருக்கும்” என்றேன். டீயைத் தொடாமல் போய்விட்டார். போகட்டும்.

குழாயடியில் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி எர்த் இறக்கிவிட்டேன். போன் லைனுக்கும் ஒரு காப்புப் பெட்டி வைத்து, அதை எர்த்தோடு சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். இனி வானம் உறுமினால் இரண்டு ஒயரையும் பிடுங்குவேன், போன் பக்கமே போக மாட்டேன். ஆனால் பில்லிலிருந்து உன் பேரை எடுக்க மாட்டேன். யார் வந்து சொன்னாலும் சரி. இது சத்தியம்.

சித்தப்பாவுக்கும் கவிதாவுக்கும் தெரியாதது ஒன்று இருக்கிறது. அந்தப் பெரிய இடிக்கு முன்னால் ஒரு மின்னல் வெட்டியபோது, போன் மணி அரைகுறையாக ஒரு தரம் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். அந்தப் பக்கம் வெறும் கரகரப்பு. ‘அக்காவா?’ என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

உன் தம்பி,
சேகர்