பற்றவைத்த சாவிக்கொத்து

ஏங்க,

நல்ல தூக்கம், எழுப்பவில்லை. சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. காரை நான் எடுத்துப் போகிறேன்.

நேற்று ஸ்டியரிங் மறுபடியும் பூட்டிக்கொண்டது. சாவி திரும்பவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. இந்த முறை மெக்கானிக்கை நானே வரவழைத்தேன். கார் சாவியோடு தொங்கும் உங்கள் வீட்டுச் சாவி, பீரோ சாவி, ஆபீஸ் சாவி எல்லாவற்றையும் பார்த்து, "என்னம்மா, பாத்திரக்கடையையே தொங்க விட்டிருக்கீங்க? இந்தக் கனத்துலதான் பூட்டு உள்ள தேயுது" என்றார். ஒன்றுகூடக் கழன்று தொலையக் கூடாதென்று அந்த வளையத்தின் வாயை வெல்டிங்கில் பற்றவைத்த புண்ணியவான் யாரென்று நான் சொல்லவில்லை.

"இவ கை பட்டாலே வண்டி பூட்டிக்கும்" என்று உங்கள் தங்கை முன்னால் சிரித்தீர்களே, அதை மட்டும் சொன்னேன். அவரும் சிரித்தார், உங்களை நினைத்து.

புதுப் பூட்டு போட்டாகிவிட்டது. அதன் சாவி இரண்டும் என்னிடம். கழற்றிய பழைய பூட்டு மேசை மேல் இருக்கிறது, உள்ளே சிக்கிய சாவியோடு, அதில் தொங்கும் உங்கள் கொத்தோடு. நாளைக்கு ஆபீஸை நீங்கள்தானே திறக்க வேண்டும்? எனக்குப் பாடம் எடுப்பீர்களே, அதேபோல் "பதறாம, லேசா ஆட்டி" சாவியை எடுங்கள்.

பி.கு.: சாயங்காலம் உங்கள் தங்கை வருகிறாள். யார் கை பட்டால் பூட்டிக்கொள்ளும் என்று பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.