மேலே வைக்காத ஒரு வெள்ளி

1 ஆகஸ்ட் 1934, புதன். பிரிக்பீல்ட்ஸ்.

மனைவி இறந்தபின் என் மகளைப் பார்த்துக்கொள்ளக் கிள்ளானிலிருந்து வந்த அக்காவுக்கு முதல் மாதப் பணத்தை இன்று கொடுத்தேன். எவ்வளவு கொடுப்பது என்று ஒரு வாரம் யோசித்திருந்தேன். சீன ஆயா பதினைந்து வெள்ளி கேட்பாள். அக்காவுக்குச் சாப்பாடு இங்கேதான் என்று சொல்லிக்கொண்டு பத்தாகக் குறைத்தேன். உண்மைக் காரணம் வேறு. என் படிப்புக்கு வைத்திருந்த பணத்தை அப்பா அவள் கல்யாணத்தில் செலவழித்தார். இருபது வருடமாகியும் எனக்கு அது ஆறவில்லை.

பத்து வெள்ளி நோட்டை நீட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"மேல ஒரு வெள்ளி வைக்க மறந்துட்டியா தம்பி?"

"பத்து போதும்னு நெனச்சேன்க்கா."

"போதும்தான். பத்துன்னா கூலி. பதினொன்னுன்னா கூடப் பொறந்தவளுக்குச் செய்ற சீரு. அதான் கேட்டேன்."

எனக்கும் அந்த வழக்கம் தெரியும். சீராகக் கொடுத்தால் உரிமை கொண்டாடுவாள் என்றுதான் அந்த ஒன்றை வைக்கவில்லை. இப்போது அவசரமாகச் சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளியை எடுத்தேன். அவள் கை நீட்டவில்லை.

"கேட்டு வாங்கினா அது சீரா? விடு. பாப்பாவுக்குக் கஞ்சி ஆறுது, நான் வரேன் தொரை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆபீசில் என்னைப் பதினாறு வருடமாகக் குமாஸ்தாவாகவே வைத்திருக்கும் வெள்ளைக்காரத் துரையை நான் தினமும் மனத்துக்குள் திட்டுகிறேன்.

அந்த ஒரு வெள்ளி மேசைமேல் கிடக்கிறது. திரும்ப எடுத்துப் பையில் போட எனக்குக் கை வரவில்லை.