பீரோவில் பூட்டிய முற்றுகைப் புத்தகம்

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. அன்று நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது, சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு தோன்றுகிறது, உனக்கு என்னதான் தெரியாமல் இருந்தது?

சர்வேயர் வேலையில் ஓய்வு பெற்றதும் நீ ரஞ்சன்குடிக் கோட்டையைப் பிடித்துக்கொண்டாய். மதிலை அளந்தாய், அகழியின் ஆழம் குறித்தாய். எதிரி அதை எப்படி முற்றுகையிட்டிருப்பான் என்று நோட்டு நோட்டாக எழுதினாய். கிழக்குச் சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைத்திருப்பார்கள் என்பது உன் கட்சி. "ஆறடியில பாறை வந்துடும்ணே, அங்க தோண்ட முடியாது" என்றேன். பூலாம்பாடியில் போர்வெல் வண்டி வைத்துப் பிழைக்கிறவன் நான். மண்ணுக்குள் இருப்பது எனக்குத் தெரியாதா? என் மகள் நிச்சயதார்த்தத்தில், சம்பந்தி வீட்டார் முன்னால், "எட்டாங் கிளாஸ் தாண்டாதவன் எனக்குக் கோட்டை சொல்லித் தரான் பாருங்க" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார்.

அதே மாதம் திருச்சியில் ஒரு பழைய புத்தகக் கடைக்குப் போனேன். நீ வருஷக்கணக்கில் தேடிய இங்கிலீஷ் புத்தகம் அங்கே இருந்தது. மதில் இடிப்பது, சுரங்கம் வெட்டுவது, பீரங்கிக்கு மேடு கட்டுவது, எல்லாம் படத்தோடு. "வண்டிக்கு ஸ்பேர் வாங்கப் போறப்ப கேட்டுட்டு வாடா" என்று அதன் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தவனே நீதான். வாங்கினேன். வீட்டுக்கு வந்து பீரோவில் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அதில் ஒரு வரி வாசிக்கத் தெரியாத எனக்கு அது எதற்கு? நீ ஏங்க வேண்டும், அதற்குத்தான்.

இரண்டு வருஷம் ஞாயிறுதோறும் போன் செய்து கேட்டாய். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடும் கேட்டாய்.

"கிடைச்சுதாடா?"

"இல்லண்ணே."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் முகம் வாடியதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் இனித்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

காரியத்தன்று இலை போட்டு, உனக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் வைத்தார்கள். ஆசை தீராமல் போன உயிர் அலையும் என்பார்களே, அந்தப் பயத்தில் நானும் புத்தகத்தைக் கொண்டுபோய் அதிரசத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். "எப்பக் கெடச்சுது?" என்று சித்தப்பா கேட்டார். "போன வாரந்தான்" என்றேன்.

அண்ணி எழுந்து வந்தார். "ரெண்டு வருசமாச்சுங்க மாமா. எங்க வீட்டுக்காரரு சொல்லி வச்சிருந்த கடைதான். உங்க சீட்டக் காட்டி உங்க தம்பி வாங்கிட்டுப் போயிட்டாருன்னு கடைக்காரரு அன்னைக்கே இவருக்குப் போன் பண்ணிட்டாரு. 'நீ வாயத் தொறக்காத, எத்தன நாளைக்குப் பொய் சொல்றான்னு பாப்போம்'னு இவருதான் என்கிட்ட சொன்னாரு." புத்தகத்தை எடுத்து என் கையில் திணித்தார். "கேட்டப்ப குடுக்கல. இப்ப எதுக்குப் படைக்கிறீங்க? எடுத்துட்டுப் போங்க."

அப்படியென்றால் ஒவ்வொரு ஞாயிறும் தெரிந்தேதான் கேட்டாயா? நான் புளுகுவதைக் கேட்டு ரசித்தாயா? சாகக் கிடந்தபோதுமா அண்ணே?

நேற்று மகள் வந்திருந்தாள். சுரங்கம் பற்றிய பகுதியை வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். பாறை மேல் நிற்கும் கோட்டைக்கு அடியில் தோண்ட நினைப்பது வீண் வேலை, பீரங்கியால் சுவரை உடைப்பதே வழி என்று எழுதியிருக்கிறதாம். "நீங்க சொன்னதுதாம்ப்பா சரி" என்றாள். நான் ஜெயித்த சேதியை இரண்டு வருஷம் நானே பூட்டி வைத்திருந்திருக்கிறேன். அன்றே கொடுத்திருந்தால் உன் வாயாலேயே வாசித்திருப்பாய்.

வருஷத் திதிக்கு, நிச்சயதார்த்தத்தில் சிரித்த அத்தனை பேரும் வருவார்கள். நான் ஒளித்ததையும், நீ தெரிந்தே என்னைப் பொய் சொல்லவிட்டதையும் அவர்கள் முன்னால் சொல்வேன். சுரங்கம் பற்றி நீ எழுதியது தப்பு என்றும் சொல்வேன், இது சத்தியம். செத்துப்போனவனைத் தோற்கடிக்கிறான் பார் என்று என் முகத்தில்தான் காறித் துப்புவார்கள். துப்பட்டும். "போடா முட்டாள்" என்று எழுந்து நின்று என்னை மறுக்க நீ இல்லையே அண்ணே.

உன் கூடப் பிறந்த ஒரே தம்பி,
ராசேந்திரன்