அப்பா பெயர் எழுதும் இடம்

புந்தோங், ஈப்போ
14 செப்டம்பர் 2025

அன்பு மகள் தினேஸ்வரிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை தீபனும் பச்சைப் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போது வேண்டிக்கொண்டுதான் இந்தத் தாளை எடுத்தேன். கைப்பேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். உன் தம்பி ரூபனும் அதைத்தான் கேட்டான். செவ்வாய்க்கிழமை அவன் லோரியில் ஜொகூருக்குச் சரக்கு ஏற்றிப் போகிறான். அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. உறையை ஒட்டித்தான் கொடுப்பேன்.

இங்கே இரண்டு வாரமாகச் சாயங்காலம் ஆனால் மழை. நான் வேலை செய்யும் கச்சான் பூத்தே பலகாரக் கடையில் தீபாவளி ஆர்டர் இப்போதே வந்து குவிகிறது. கடலை வறுக்க ஆள் இருக்கிறது, முறுக்கு பிழியத்தான் ஆள் இல்லை. வலது தோளில் கொஞ்சம் பிடிப்பு, வேறொன்றும் இல்லை. ரூபனுக்குத் தெலுக் இந்தானில் ஒரு பெண் இருப்பதாகக் கோயிலில் சொன்னார்கள். நல்ல குடும்பம்தானாம். ஊர்ப் பெயரைக் கேட்டதும் எனக்கு மனம் சுணங்கிவிட்டது. அந்தப் பெண் என்ன செய்யும் பாவம். அது என் பழைய கணக்கு.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பேத்தியின் பிறப்புப் பத்திரம். பிறந்த பதினோராவது நாளே மாப்பிள்ளை வாங்கிவிட்டார். தாய் பெயர், தகப்பன் பெயர், எல்லாம் வரிசையாக அச்சில். அதோடு நீ பேசி அனுப்பியதையும் கேட்டேன். "அம்மா, அரை மணி நேரத்துல முடிஞ்சிருச்சுலா. எனக்காக நீங்க எத்தனை வருஷம் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சீங்க. புள்ள பெத்த பெறகுதாம்மா உங்க கஷ்டம் எனக்குத் தெரியுது. உங்கள மாதிரி ஒரு அம்மா கெடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும்" என்று சொல்லியிருந்தாய். சொல்லும்போதே அழுதாய். பின்னால் குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது.

அதை ஐந்து முறை போட்டுக் கேட்டேன். அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

தினேஸ், நான் அலையவில்லை.

நீ வாய்விட்டு நன்றி சொல்லாமல் இருந்திருந்தால் இதை நான் என்னோடு சுடுகாட்டுக்கு எடுத்துப் போயிருப்பேன். அவ்வளவு திடமான நெஞ்சு எனக்கு. ஆனால் நீ என்னைப் புகழ்ந்துவிட்டாய். இனி சொல்லாமல் இருக்க முடியாது.

நீ பிறப்பதற்கு முன் உன் அப்பாவுக்குத் தெலுக் இந்தானில் ஒரு மனைவி இருந்தது உனக்குத் தெரியும். அந்தப் பெரியம்மா மூன்று மாதம்கூட அவரோடு வாழவில்லை, தாய் வீட்டுக்குப் போனவர் திரும்பவே இல்லை. ஆனால் அவர்கள் கல்யாணம் சட்டப்படி பதிந்த கல்யாணம். எனக்கு அப்பா தாலி கட்டியது சுங்காய்த் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், பதியவில்லை. பதியவும் முடியாது. தோட்டத்து லயத்து வீடுகளில் என்னை எதிரே பார்த்தால் குமுதாக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் மகேந்திரன் வைத்திருப்பவள் என்பார்கள். தண்ணீர்க் குழாயடியில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். அதையெல்லாம் காதில் வாங்காத மாதிரி வாழப் பழகியிருந்தேன்.

உனக்கு நாற்பது நாள் ஆனதும் உன்னைப் பதிவதற்காக நானும் அப்பாவும் பஸ் ஏறித் தாப்பாவுக்குப் போனோம். பதிவு அலுவலகத்தில் ஒரு தமிழ் அம்மா உட்கார்ந்திருந்தார். கல்யாணப் பத்திரம் கேட்டார். இல்லை என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "பரவால்ல தங்கச்சி. அப்பா பேர் எழுதுற எடத்த மட்டும் விட்டுருங்க. ஒங்களுக்கு குடியுரிமை நீல ஐ.சி. இருக்குல்ல, புள்ள ஒங்க புள்ள, அது போதும். இப்பவே எழுதிக் குடுத்துர்றேன்."

விட்ட இடத்தில் என்ன வரும் என்று கேட்டேன். தகவல் பெறப்படவில்லை என்று அச்சாகும் என்றார்.

உன் அப்பா என் பக்கத்திலேயே நிற்கிறார். உன்னைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். அவரைப் பற்றித் தகவல் இல்லையாம். லயத்தில் முதுகுக்குப் பின்னால் பேசியதை அரசாங்கமே அச்சடித்து என் கையில் கொடுப்பது போல இருந்தது எனக்கு. பேனாவைக் கீழே வைத்தேன். என் பிள்ளை ஒன்றும் அப்பன் பேர் தெரியாத பிள்ளை இல்லை என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு உன்னைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அந்த அம்மா வாசல்வரை பின்னாலேயே வந்தார். "கோவத்துல போவாதீங்க தங்கச்சி, நாள் ஆக ஆகக் கஷ்டம்" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா தடுக்கவில்லை, அது உண்மை. அவருக்கும் ரோஷம் இருந்தது. ஆனால் பேனாவைக் கீழே வைத்தது என் கை. அவர் மேல் பாரத்தைப் போடாதே.

நாலு வருஷத்தில் அந்தப் பெரியம்மா காலமானார். நாங்கள் கல்யாணத்தைப் பதிந்தோம். ரூபன் பிறந்ததும் அவன் பத்திரத்தில் அப்பா பெயர் அழகாக ஏறியது. அப்போதாவது உன் காரியத்தைப் பார்த்திருக்கலாம். இவ்வளவு நாள் எங்கே போனீர்கள் என்று கேட்பார்களே, தம்பிக்கு ஒரு மாதிரியும் அக்காவுக்கு ஒரு மாதிரியும் இருக்குமே என்று தள்ளிப்போட்டேன். அடுத்த மாதம், அடுத்த வருஷம் என்று போனது. நீயோ நான்கு வயதிலேயே அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து, யார் மகள் என்று கேட்டால் மகேந்திரன் மகள் என்று பாடம் ஒப்பிப்பாய். எனக்கு அது போதும் போல இருந்தது. உனக்கு அது போதாது என்று பிறகுதான் தெரிந்தது.

தோட்டத்தை விற்று லயத்தைக் காலி பண்ணச் சொன்னபோது நாம் ஈப்போவுக்கு வந்தோம். ஆறாம் வகுப்பில் ஆறு ஏ வாங்கினாய். தலைமையாசிரியர் இராமசாமி ஐயா தானே நேரில் போய்ப் பேசி உன்னை இடைநிலைப் பள்ளியில் சேர்த்துவிட்டார். மூன்றாம் படிவத்தில் அரசாங்கத் தேர்வுக்குப் பதிய அடையாள அட்டை எண், அதாவது ஐ.சி. எண் கேட்டார்கள்; பிறப்புப் பத்திரமே இல்லாத உனக்கு ஐ.சி. ஏது. அப்போதுதான் நான் அலையத் தொடங்கினேன், நீ நினைத்துக்கொண்டிருக்கிற அந்த அலைச்சல்.

நான்கு முறை தாப்பாவுக்குப் போவதாகச் சொல்லிப் புடவை கட்டி, கையில் பைல் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நான்கு முறையும் ஈப்போ பஸ் நிலையத்தைத் தாண்டவில்லை. அங்கே நீள நாற்காலியில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன். தாப்பா பஸ் வரும், ஆள் ஏறும், போகும். எழுந்து நிற்பேன், கால் நகராது. அந்தப் பதிவு அலுவலக அம்மா இன்னும் அங்கே இருந்தால் என்னை அடையாளம் தெரிந்துகொள்வாரே என்று இருக்கும். பிறகு உனக்குக் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டார்கள் என்பேன். நீ ஏமாற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் என் காலை மடியில் எடுத்து வைத்துத் தைலம் தேய்ப்பாய். எங்கும் நடக்காத அந்தக் காலை உன்னிடம் நீட்டினேனே.

தேர்வு நடந்த நாட்களில் நீ சீருடை போட்டுக்கொண்டு பள்ளி வாசல்வரை போய் உன் தோழிகளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாய். அதற்குப் பிறகு அந்தச் சீருடையை நீ போடவில்லை. தாதியாக வேண்டும் என்று சொல்வதையும் விட்டுவிட்டாய்.

உனக்குப் பதினாறு வயதில் அப்பா படுக்கையில் விழுந்தார். கடைசி வாரத்தில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார்: "என் பேர விட்டுரு குமுதா. பேரு என்ன பெரிய பேரு. புள்ளைக்கு ஒரு வழி பண்ணு." அவர் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். பண்ணிவிட்டுப் பதினோரு வருஷம் சும்மா இருந்தேன். ஏன் என்று நீ கேட்பாய். நானே என்னைக் கேட்டிருக்கிறேன். முதலில் வெட்கம். பிறகு பயம். தெரிந்தே இத்தனை வருஷம் செய்யாமல் இருந்தேன் என்று உனக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். நீ என்னை வெறுக்காமல் இருப்பதற்காக உன் வாழ்க்கையைக் கொடுத்திருக்கிறேன் மகளே. வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நீ சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவிய காலத்தில் குடிநுழைவு அதிகாரிகள் அங்கே சோதனை போட்டு, பத்திரம் இல்லாத வெளிநாட்டு ஆட்களோடு உன்னையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்களே, நினைவிருக்கும். நானும் கடை முதலாளியும் போய்க் கெஞ்சிச் சாயங்காலம் உன்னை வெளியே கொண்டுவந்தோம். நான் நடுத்தெருவில் நின்று அழுதேன். நீ என் கண்ணைத் துடைத்து, "அழாதீங்கம்மா, இது என்னா ஒங்க தப்பா? ஐ.சி. குடுக்காதவங்க தப்பு" என்றாய். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இத்தனை பொய்யில் அந்தத் தலையாட்டல்தான் பெரிய பொய்.

நவமணி டீச்சர் நம் வீட்டு வாசலில் வந்து நிற்காவிட்டால் இன்றைக்கும் உனக்கு ஐ.சி. கிடைத்திருக்காது. ஓய்வு பெற்ற மனுஷி, தன் பாட்டுக்கு ஊர்ப் பிள்ளைகளின் பத்திரங்களுக்காக நடந்தார். உண்மையில் அலைந்தவர் அவர்தான். உன் பழைய மருத்துவமனைக் குறிப்பைத் தேடி எடுத்தார், என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கினார். ஒருநாள் காரில் வரும்போது, "இத அப்பவே செஞ்சிருக்கலாமே குமுதா" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது டீச்சர் என்றேன். அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தார், மறுபடி கேட்கவில்லை.

பத்திரம் கைக்கு வந்த அன்று அப்பா பெயர் எழுதும் இடத்தில் தகவல் பெறப்படவில்லை என்று அச்சாகியிருந்ததை நீ விரலால் தொட்டுப் பார்த்தாய். "இவ்ளோதானாம்மா?" என்றாய். இப்போதுதான் சட்டத்தை மாற்றினார்கள் என்றேன். சட்டம் மாறவில்லை தினேஸ். நீ பிறந்த அன்றும் அதே சட்டம்தான். உனக்கு நாற்பது நாளில் கிடைத்திருக்க வேண்டியது இருபத்தேழு வயதில் கிடைத்தது.

நம் குடும்பத்துக்கு நல்ல நாளே இல்லை என்று சொல்லமாட்டேன். முதல் ஐ.சி. படத்தில் திருடி மாதிரி இருக்கிறேன் என்று நீயும் ரூபனும் விழுந்து விழுந்து சிரித்த நாள் இருக்கிறது. தீபன் வீட்டார் கமுந்திங்கிலிருந்து வேன் பிடித்துப் பெண் கேட்டு வந்த நாள் இருக்கிறது. நீ மாலையோடு நின்றபோது அப்பாவின் சாயல் அப்படியே தெரிந்தது. அந்த நாட்களிலும் எல்லாரும் சிரிக்கும்போது எனக்குள் ஒன்று மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை என்றால் அது இன்னொரு பொய். கேட்கத்தான் எழுதுகிறேன். கொடுத்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

சம்பந்தியம்மா ஊருக்குத் திரும்ப வேண்டும், நீங்கள் வந்து மூன்று மாதம் இருங்கள் என்று சனிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கிறாய். இதைச் சொல்லாமல் உன் வீட்டுப் படி ஏற எனக்கு மனம் வரவில்லை. படித்த பிறகும் வாங்க என்று ஒரு வார்த்தை அனுப்பினால் வருகிறேன். ஒன்றும் வராவிட்டால் வரமாட்டேன், ஏன் என்றும் கேட்கமாட்டேன். மாப்பிள்ளை கேட்டால் உள்ளதையே சொல். எனக்காக நீ ஒரு பொய் சொல்ல வேண்டாம்.

எப்படியானாலும் ரூபனிடம் கொடுத்த பையை வாங்கிக்கொள். பத்திய மருந்து இடித்து வைத்திருக்கிறேன், காலையில் வெறும் வயிற்றில் ஓர் உருண்டை. பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிச் சாப்பிடு. ஈரத்தலையோடு காற்றாடிக்குக் கீழே படுக்காதே. பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்திருக்கிறேன், பிள்ளைக்கு அதுதான் உறுத்தாது.

சம்பந்தியம்மா போன பிறகு நீயே குளிப்பாட்டும்படி ஆனால் பயப்படாதே. மணையில் உட்கார்ந்து காலை நீட்டி, கணுக்காலுக்கு மேலே பிள்ளையைக் குப்புறப் போட்டுக்கொள். இடது கை நெஞ்சுக்கு அடியில் இருக்கட்டும். தண்ணீர் வெதுவெதுப்பு போதும், முழங்கையை நனைத்துப் பார். தண்ணீர் பட்டதும் வீறிட்டு அழும். நீயும் அப்படித்தான் அழுவாய், லயமே எட்டிப் பார்க்கும். அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்களோ என்று கை நடுங்கும். நினைத்துக்கொள்ளட்டும். கழுத்து இன்னும் நிற்காத பிள்ளை மகளே. யார் பார்த்தாலும், யார் என்ன பேசினாலும், கையை மட்டும் எடுத்துவிடாதே.

பேத்தி சீரும் சிறப்புமாக வளரட்டும். நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
குமுதா