மாமா கெஞ்சினாரா, அப்பா?

கண்ணாடி இல்லாமல் ஒரு வரிகூடப் படிக்க முடியாத என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. சூரமங்கலம் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டோம். உங்கள் புத்தகங்களெல்லாம் நாமக்கல்லில் என் வீட்டில்தான் இருக்கின்றன. தம்பி நன்றாக இருக்கிறான். நான் அதே ஆஸ்பத்திரியில், அதே வார்டில் நர்ஸ் வேலை பார்க்கிறேன். இதெல்லாம் நல்ல சேதி. சொல்லவேண்டியது வேறு. அதைச் சொல்லாமல் கொஞ்ச நாளாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

உங்கள் சிறுகதைத் தொகுப்பை மறுபடி அச்சுப்போடலாமா என்று ஒரு பதிப்பாளர் வந்து கேட்டார். ரயில்வே பார்சல் ஆபீசில் மூட்டைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து நீங்கள் எழுதிய கதைகள்! இதைவிட என்ன வேண்டும் என்று உடனே சரி சொல்லிவிட்டேன். அர்த்தனாரி மாமாவின் கதையைத்தான் முதலில் வைக்கப்போகிறேன் என்றார் அவர்.

உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அர்த்தனாரி மாமா உங்கள் தங்கை பாவாயி அத்தையின் கணவர். ஜலகண்டாபுரத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்கு விவசாயக் காடு இருந்தது. காட்டுக்குப் போகிற தடம் யாருடையது என்ற தகராறில் பங்காளி ராசப்பன் அவரைப் பட்டப்பகலில் அரிவாளால் வெட்டிக் கொன்றான். அந்தத் தடத்தில் அப்போது வேறு யாரும் இல்லை. மச்சானின் சாவை வெகுநாள் நெஞ்சில் சுமந்து, அப்புறம் அதைக் கதையாக எழுதினீர்கள். பெயர்களை மாற்றினீர்கள். ஊருக்குத் தெரியாதா, யார் யார் என்று? அந்தக் கதையில் வெட்டுப்படுகிறவர் வெட்ட வருகிறவனின் காலைப் பிடித்துக்கொண்டு உயிருக்குக் கெஞ்சுவார். ஒரு பக்கம் முழுக்கக் கெஞ்சுவார். அந்தப் பக்கத்தைப் படித்து அழாதவர்களை நான் பார்த்ததில்லை. நானும் அழுதவள்தான்.

புத்தகம் வரப்போகிற சந்தோஷத்தைச் சொல்ல அத்தைக்குப் போன் போட்டேன். தறிச் சத்தத்துக்கு நடுவே அத்தையின் குரல் வந்தது.

“ஏங் கண்ணு, அந்தக் கதையும் வருதா?”

“அதுதான் அத்தை மொதல் கதையே.”

“நீ நேருல வா சாமி. போன்ல வேண்டாம்.”

போனேன். அத்தை தறியை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் மகன் குமரேசன் காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினானே, நினைவிருக்கிறதா? படிப்பு ஏறாத பயல் என்று வீட்டுக்கு வந்து திட்டிவிட்டுப் போனீர்களே? அவனுக்குப் படிப்பு நன்றாகத்தான் ஏறியது, அப்பா. வகுப்பில் உங்கள் கதையைப் பாடமாக நடத்தியிருக்கிறார்கள்.

“அந்த வாத்தியாருக்குத் தெரியாது பாவம், இவன் ஆரு மவன்னு. ‘உசுருக்குப் பயந்த மனுசன் எப்படிக் கெஞ்சறான் பாருங்க’ன்னு சத்தமாப் படிச்சிருக்காரு. பின்னால எவனோ சிரிச்சானாமா. எந்திரிச்சு வெளிய வந்தவன்தான். போர்வெல் போடற ரிக் லாரில ஏறி வடக்க போயிட்டான். இன்னிக்கும் ஊர்ல சண்டைன்னு வந்தா, உங்கப்பன் கால்ல உழுந்தவன்தானடான்னு சொல்லிக் காட்டறானுங்க.”

“அப்பாகிட்ட ஏன் அத்தை சொல்லவேயில்ல?”

“எங்கண்ணன் அழுதழுது எழுதுனது கண்ணு. அவருகிட்டப் போயி என்னத்தச் சொல்றது?” பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். “உங்கப்பன் அங்க நின்னு பார்த்தாரா? உங்க மாமா கெஞ்சுனத ஆரு பார்த்தா?”

அந்தக் கேள்வியோடு எழுந்து வந்துவிட்டேன். பார்த்தவன் ஒருவன்தான். தண்டனை முடிந்து வெளியே வந்த ராசப்பன் பனமரத்துப்பட்டி ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் காவலுக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அடுத்த லீவு நாளில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். என்ன தைரியத்தில் போனேன் என்று இப்போதும் தெரியவில்லை.

இதுவரை அவனை ‘அவன்’ என்றே சொல்லிவந்தேன். நேரில் பார்த்த பிறகு எனக்கு ‘அவர்’ என்றுதான் வருகிறது. மன்னித்துவிடுங்கள். வயசாளி. முதுகு வளைந்துவிட்டது. யார் என்று சொன்னதும் கட்டிலைவிட்டு எழுந்து நின்றவர், நான் கிளம்புகிறவரை உட்காரவே இல்லை.

“எங்க அப்பா எழுதுன கதை ஒண்ணு இருக்குதுங்க,” என்று ஆரம்பித்தேன்.

“படிச்சிருக்கறனுங்க. உள்ளார இருந்தப்ப லைப்ரரில கெடச்சுது.”

“மாமா கெஞ்சினாருங்களா?”

அவர் தோப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அன்னைக்கு நடந்தது எனக்கு ஒண்ணுமே நெனப்புல நிக்கலீங்க. ஒரே வெயிலு. அவரு சட்ட. அவ்வளவுதான். கதையப் படிச்சதுக்கு அப்பறம் அவரு கொரலு கேக்க ஆரம்பிச்சிருச்சு. ‘ராசப்பா, புள்ளகுட்டிக்காரன்டா, உட்ருடா’ங்கறாரு. கதையில எம் பேரு வேறங்க. ஆனா எனக்கு ராசப்பான்னுதான் கேக்குது. அவரு நெசமாச் சொன்னாரா, உங்கப்பா எழுதி வெச்சதா, எத்தன தடவ யோசிச்சும் பிடிபடலீங்க. அதுவரைக்கும் செஞ்சது சரின்னுதான் இருந்தேன். அந்தச் சத்தம் கேட்டப்பறந்தானுங்க நான் அழுகவே ஆரம்பிச்சேன்.”

திரும்பி வரும் பஸ்ஸில் மனசுக்குள் உங்களிடம்தான் பேசிக்கொண்டு வந்தேன். இதற்கு நான் என்ன செய்ய, சொல்லுங்கள்? நீங்கள் கற்பனையில் எழுதிய கெஞ்சல், கொன்றவரை அழவைத்திருக்கிறது. கோர்ட்டும் ஜெயிலும் செய்யாததை உங்கள் பேனா செய்திருக்கிறது. அதே பக்கம் செத்தவரின் மகனை வகுப்பிலிருந்து துரத்தியிருக்கிறது. எதை வைத்து எதைக் கழிப்பது?

வார்டில் எத்தனையோ சாவுகளைப் பார்த்துவிட்டேன். ஒருவர்கூட உங்கள் கதையில் வருகிற மாதிரி பேசிவிட்டுச் செத்ததில்லை. தண்ணீர் கேட்பார்கள். மாட்டைக் கட்டியாச்சா என்பார்கள். பாதி வார்த்தையில் போய்விடுவார்கள். பிறகு ஏன் செத்தவரின் வாயில் நாம் வார்த்தை வைக்கிறோம்? அவர் கெஞ்சினால்தான் நமக்கு இரக்கம் வருமா? இன்னொரு பக்கம், நம் பக்கத்துக் கோயில்களில் வெட்டுப்பட்டுச் செத்தவர்களைத்தானே சாமியாக்கிக் கும்பிடுகிறோம்? அவர்களில் ஒருவரையாவது காலில் விழுந்தவராகச் செய்து வைத்திருக்கிறோமா? முறுக்கிய மீசையும் கையில் அரிவாளுமாக நிமிர்த்தி நிறுத்திவிடுகிறோம். அதுவும் பொய்தானே? பயந்துபோன ஒரு சாதாரண மனுஷனாகச் சாக நாம் யாரைத்தான் விட்டோம்?

அத்தையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ராசப்பன் அழுததையும் சொன்னேன். அதைக் கேட்டால் அத்தையின் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன்.

“அவன் அழுகறதுக்கு எங்கூட்டுக்காரரு கால்ல உழோணுமா?” என்றார் அத்தை.

அவரே தணிந்த குரலில் தொடர்ந்தார். “கெஞ்சியிருந்தாலும் தப்பில்ல கண்ணு. உசுரு ஆருக்குத்தான் இனிக்காது? ஆனா அது அந்தத் தடத்துல நின்ன ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்தது. அத ஊரே பார்க்கற மாதிரி ஏன் வெச்சீங்க?”

அப்பா, அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.

ஒரு கமாவைத் தொட்டால்கூடப் பத்திரிகை ஆபீசுக்கே போய்ச் சண்டை போடுகிறவர் நீங்கள். உங்கள் கதையின் உயிர் என்று எல்லோரும் சொன்ன பக்கத்தையே வெட்டினேன். “அது இல்லேன்னா கதையே இல்லீங்க மேடம்,” என்று பதிப்பாளர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். இப்போது கதையில் மாமா தடத்தில் இறங்கி நடக்கிறார். அடுத்த வரியில் வீட்டுக்குச் சேதி வருகிறது. நடுவில் என்ன நடந்தது என்று கதைக்கும் தெரியாது.

அச்சுக்குப் போகும் முன் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். குமரேசனும் ஊருக்கு வந்திருந்தான். உள்ளே வராமல் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டான். முடித்ததும் அத்தை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“இத்தன வருசமா அவரு கெஞ்சிக்கிட்டே இருந்தாரு. இன்னிக்குத்தான் செத்தாரு. இனி ஒக்காந்து அழுவேன்,” என்றார்.

குமரேசன் என் முகத்தைப் பார்க்காமல், “எப்பங்க புஸ்தகம் வருது?” என்றான். உங்கள் எழுத்தைப் பற்றி அவன் கேட்டு நான் கேள்விப்பட்டதே இல்லை.

அப்படியும் எனக்கு அமைதி வரவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் அச்சுப்படியைப் படித்துவிட்டுக் கதை மெலிந்துவிட்டது என்கிறார்கள். மெலிந்துதான் போயிருக்கிறது, அது எனக்கும் தெரிகிறது. எங்கோ ஜெயிலில் இருக்கிற இன்னொரு ராசப்பன் இந்தக் கதையைப் படித்தால் இனி அழுவானா? அந்தக் கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. உங்களிடம் கேட்டிருந்தால் கத்தியிருப்பீர்களா? இல்லை, குமரேசனைப் பற்றித் தெரிந்ததும் நீங்களே பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தை அடித்திருப்பீர்களா? இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்க்கிறேன். இரண்டும் நீங்கள் செய்யக்கூடியதுதான்.

பதிப்பாளர் இன்னொன்றும் கேட்டார். உங்கள் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தவள் நான் மட்டும்தான். அப்பா என்ன சொன்னார் என்று முன்னுரையில் எழுதுங்கள், படிக்கிறவர்கள் மனசில் நிற்கும் என்றார். தம்பியும் எத்தனையோ தடவை கேட்டுவிட்டான். நீங்கள் என் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னீர்கள். அது கோபமா, பயமா, வேடிக்கைப் பேச்சா என்றுகூட நான் யாரிடமும் சொன்னதில்லை.

சொல்லவும் மாட்டேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. உங்கள் சாவை யாரும் கதையாக்க விடமாட்டேன், நான் உட்பட. அந்தப் பக்கத்தை எடுத்தது நான்தான் என்று புத்தகத்திலேயே என் பெயரைப் போட்டு எழுதுகிறேன். திட்டுகிறவர்கள் என்னைத் திட்டட்டும். நீங்களும் திட்டுங்கள் அப்பா, கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் சொல்லை வெட்டியவள்,
உங்கள் மூத்த மகள்,
தேன்மொழி