அரைச் சாக்கு சுரபுன்னை

நேற்றுச் சாயந்திரத்திலிருந்து வீடு முழுக்க நெத்திலிக் கருவாட்டு வாசனை. உங்கள் கடற்கரையிலிருந்து டீச்சரம்மா கொண்டுவந்தது. எப்போதும் நீ செய்தித்தாளில் சுற்றி, கயிற்றால் நாலு சுற்றுச் சுற்றி, வலைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டு அனுப்புவாய். பல்லால் கடித்தாலும் அவிழாது. உன்னைத் திட்டிக்கொண்டேதான் அரிவாளால் அறுப்பேன். நேற்று வந்த பொட்டலம் இழுத்ததும் அவிழ்ந்துவிட்டது.

"இது அவ கட்டுனது இல்லீங்களே" என்றேன்.

டீச்சரம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அவங்க மருமக கட்டினதும்மா" என்றார்.

நீ போய் ஒன்பது நாளாகிவிட்டதாம். வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டாயாம். கருவாடு நீ காய வைத்தது. அதோடு தனியாக, ஈரத்துணியில் சுற்றிய ஒரு விதை, உங்கள் கடலோரச் சேற்றில் நிற்கிற சுரபுன்னை மரத்தினுடையது. சாய்வதற்கு முந்தின நாள்தான் எடுத்து வைத்து, மருமகளிடம் சொல்லியிருக்கிறாய்: "மலைக்காரிகிட்ட குடுத்துடு. வெட்டாம வைக்கச் சொல்லு."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு எவளாவது போவாளா?

எனக்கு எதுவும் மறக்காது என்று உனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதி வைக்கிற பழக்கம் இல்லை, அதனால் எல்லாம் நெஞ்சிலேயே கிடக்கிறது. இதை எழுதுவதுகூட உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருப்பதால்தான்.

நாலு மழைக்கு முன்னால் டீச்சரம்மா முதல்முதலாக மலைமேல் இருக்கிற எங்கள் ஆலத்தூர் நாட்டுக்கு வந்தார். பல்கலைக்கழகத்தில் கடலைப் பற்றிப் பாடம் நடத்துகிறவருக்கு மலையில் என்ன வேலை என்று எல்லோரும் வேடிக்கை பார்த்தோம். நான் மரவள்ளி போடுகிற காட்டோரம் ஓடுகிற ஓடையில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துத் தூக்கிக் காட்டினார். அடியில் விரல்கடை அளவுக்குச் செம்மண் படிந்தது. "இந்தத் தண்ணி ஆத்துல சேந்து, காவேரில சேந்து, கடைசியா கடலுக்குப் போகுதும்மா. அங்க கடலுக்குள்ளயே ஒரு காடு நிக்குது. அலையாத்திக் காடு. நல்ல தண்ணி வராமயும், வர்ற தண்ணி சேறா வந்தும் அது செத்துக்கிட்டு இருக்கு" என்றார். கடலுக்குள் காடா என்று நாங்கள் சிரித்தோம். நேரில் வந்து பாருங்கள் என்று எட்டுப் பெண்களை வேனில் ஏற்றினார். மலைப்பாதையில் எழுபது வளைவு இறங்குவதற்குள் ஆறு பேர் வாந்தி எடுத்தாயிற்று.

வேன் போய்ச் சேர்ந்த கடற்கரையில்தான் நீ நின்றாய். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, முழங்கால்வரை சேறு, வாயில் வெற்றிலை. எங்களை ஏற இறங்கப் பார்த்து, "இவங்களா காட்டக் காப்பாத்தப் போறாங்க? நிக்கவே தெம்பக் காணோமே" என்றாய். முதல் பேச்சே அதுதான்.

அன்றைக்கு நாற்றங்கால் போடுகிற வேலை. இடுப்பளவுத் தண்ணீரில் நாலைந்து நாள் நின்று நீயும் உங்கள் ஊர்ப் பெண்களும் பொறுக்கிய சுரபுன்னை விதை, ஒரு சாக்கு நிறைய. முருங்கைக்காய் மாதிரி பச்சையாக, நீளமாக, ஒரு முனை கூராகப் பழுப்பேறி இருந்தது. மரத்திலேயே முளைவிட்டுத் தொங்கும் என்றார்கள். சாக்கை எங்களிடம் விட்டுவிட்டு நீங்கள் படகில் வண்டல் எடுக்கப் போனீர்கள்.

எங்கள் மலையில் மரவள்ளிக் குச்சியை அப்படியே நட மாட்டோம். முனை காய்ந்திருந்தால் வேர் பிடிக்காது. நடுவதற்கு முன் முனையைப் புதிதாக நறுக்கிவிட்டுத்தான் மண்ணில் ஊன்றுவோம். எனக்கு அது கை பழகின வேலை. நீங்கள் வருவதற்குள் உதவியாக இருக்கட்டும் என்று இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தேன். ஒவ்வொரு விதையிலும் அந்தப் பழுப்பு முனையைப் பார்த்துப் பார்த்து நறுக்கினேன். மரவள்ளியில் பால் வரும். இதில் வரவில்லையே என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே வெட்டினேன். நான் வெட்டுவதைப் பார்த்து மற்ற பெண்களும் உட்கார்ந்தார்கள். நீ திரும்பி வரும்போது அரைச் சாக்கு முடிந்திருந்தது.

வேர் வருவதே அந்த முனையில்தானாம். எனக்கு எப்படித் தெரியும்?

நீ வண்டல் கூடையை அப்படியே போட்டாய். "அடிப்பாவி மலைக்காரி, எம் புள்ளைங்க கழுத்த அறுத்துட்டியேடி!" என்றாய். அதோடு விட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். தப்பு என்னுடையது. ஆனால் இரண்டு ஊர் ஜனமும் நிற்க, "மேலேருந்து மண்ண அனுப்பிக் கொன்னது பத்தாதுன்னு கத்தியத் தூக்கிக்கிட்டு நேர்லயே வந்துட்டியா?" என்று கேட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதையும் நான் மறக்கவில்லை. அன்று மத்தியானம் உங்கள் ஊர்ச் சோற்றை நான் தொடவில்லை.

அடுத்த மழைக்கு உன்னை டீச்சரம்மா எங்கள் மலைக்குக் கூட்டி வந்தார். கடற்கரைப் பெண்களும் மலைப் பெண்களும் சேர்ந்து ஒரு முடிவெடுக்க வேண்டும் என்றார்கள். ஓடைக் கரையில், தண்ணீர் ஓரத்திலிருந்து ஒரு சேலை நீளத்துக்கு யாரும் உழக்கூடாது, மரவள்ளி நடக்கூடாது. புல்லும் மரமும் தானாக வளர்ந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வந்து சேருகிற சேறெல்லாம் எங்களுடையது இல்லை, ஆனால் எங்கள் பங்கும் அதில் இருக்கிறது என்று டீச்சரம்மா நியாயமாகத்தான் சொன்னார். ஓடையின் திருப்பத்தில் இருப்பது என் காடு. நான் விட்டால் மேலேயும் கீழேயும் இருப்பவர்கள் விடுவார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

என் காட்டைப் பார்க்க நீ இறங்கினாய். புயலில் படகோட்டினவள், எங்கள் சரிவில் கால் வைத்ததும் நடுங்கினாய். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடல்ல வுழுந்தா நீந்திடுவேன். இதுல வுழுந்தா என்னாடி பண்றது?" என்றாய்.

"உருளு. நேரா உங்கூருக்கே போயிருவ" என்றேன்.

நீ சிரித்த சிரிப்பில் இரண்டு பேரும் விழப் பார்த்தோம். அந்த ஒரு நிமிஷம் எனக்கு உன்மேல் கோபம் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு வீட்டில் சாமைச் சோறும் கீரையும் போட்டேன். ஒரு வாய் தின்றுவிட்டு, "உப்பு பத்தல" என்றாய். என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு! அப்புறம் கை கழுவிவிட்டு நிலத்தைக் கேட்டாய்.

"அன்னிக்கு எல்லாத்து முன்னாலயும் என்னயக் கொலகாரின்ன இல்ல, அதுக்கு மொதல்ல மாப்புக் கேளு. அப்பறம் உடறேன்" என்றேன்.

"அரச் சாக்க வெட்டினவ நீ. நீ மொதல்ல கேளு."

"நான் ஏன் கேக்கோணும்?"

"அப்ப நான் ஏன் கேக்கணும்?"

நீ பஸ் ஏறிவிட்டாய். அந்த வருஷமும் அடுத்து வந்த வருஷங்களும் தண்ணீர் ஓரம்வரை மரவள்ளி நட்டேன். ஒவ்வொரு மழைக்கும் ஓடை சிவப்பாக ஓடியது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மேலே கீழே இருந்தவர்களும் என்னைச் சாக்குச் சொல்லி நட்டார்கள். டீச்சரம்மா நம் இரண்டு பேருக்கும் நடுவில் எத்தனையோ முறை நடந்து பார்த்தார். அவர் கையில் நீ கருவாடு கொடுத்து விடுவாய், நான் மிளகு கொடுத்து விடுவேன். "காரம் கம்மின்னு சொல்லுங்க" என்று நீ சொல்லி அனுப்ப, "உப்பு சாஸ்தின்னு சொல்லுங்க" என்று நான் சொல்லி அனுப்புவேன். மாப்பு மட்டும் இரண்டு பக்கமிருந்தும் போகவில்லை.

நேற்று டீச்சரம்மா போனை எடுத்து ஒரு படம் காட்டினார். சேற்றுக்குள் காலை ஊன்றின மாதிரி பதினோரு செடி, என் இடுப்பு உயரம் இருக்கும்.

"நீங்க வெட்டின விதைம்மா. அவங்க எதையும் தூக்கிப் போடல. ஒரு மூலையில தனியா ஊனி வச்சாங்க. பெரும்பாலும் அழுகிடுச்சு. முனை லேசா மட்டும் போனதுல இவ்வளவு பொழச்சுது. வர்றவங்க கிட்டல்லாம் 'இது மலைக்காரி செடி'ன்னு காட்டுவாங்க. உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னாங்க. நீங்க மாப்புக் கேட்ட அன்னிக்குச் சொல்லணுமாம்."

நாலு மழை. நாலு மழையாக அந்தச் செடிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, என்னை மட்டும் கொலைகாரியாகவே வைத்திருந்தாய். இதையும் சேர்த்து நான் மறக்க மாட்டேன்.

இன்று காலையில் பெட்டியிலிருந்து ஒரு பழைய சேலையை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். ஒரு முனையைத் தண்ணீர் ஓரத்தில் கல் வைத்து அழுத்தினேன். மறு முனையைச் சரிவில் இழுத்து, அது முடிந்த இடத்தில் ஒரு கல் நட்டேன். இப்படியே என் காட்டின் எல்லைவரை. மரவள்ளிக் குச்சிக் கட்டைத் தூக்கி வந்த என் மகன் நின்றுவிட்டான்.

"ஏம்மா, இத்தன நாளா முடியாதுன்னுட்டு இப்ப ஆருக்கு உடற?"

"ஒருத்தியோட வழக்கு இருக்குது. எம் பக்கத்தத் தீத்துட்டு வாரேன்" என்றேன்.

மத்தியானத்துக்குள் மேல் காட்டுக்காரியும் தன் பங்குக்குக் கல் நட ஆரம்பித்துவிட்டாள். சேலையை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு போனாள்.

கல் நட்டு முடித்துக் கடைசியாகத் தண்ணீரில் கை கழுவும்போது சொன்னேன். அரைச் சாக்கு வெட்டினது என் தப்புதான். முதலில் நான்தான் கேட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். நீ சொன்னதற்கு இன்னும் நீ கேட்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

உன் விதையை வெட்டவில்லை. ஓடைத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு வந்து, கடல் தண்ணீர் மாதிரி இருக்கட்டும் என்று கல்லுப்பைப் போட்டுக் கரைத்து, கூர்முனை கீழே இருக்கும்படி நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆடி முடிந்ததும் டீச்சரம்மா வந்து எடுத்துப் போய் அந்தப் பதினொன்றுக்குப் பக்கத்தில் ஊன்றுவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை தாங்க வேண்டும். விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். இன்னும் ஒரு கல் உப்பு போட்டேன். மறுபடியும் பார்த்தேன். பத்தல என்று சொல்லத்தான் நீ இல்லை.